தட்சிணாமூர்த்திக்குத் தை மாதம்

கழுகுமலை வெட்டுவான் கோவிலுக்கு நான் முதன்முதலாகக் கேமராவோடு போனது ஒரு ஆனி மாதம். பள்ளிக்கூடம் திறந்துவிட்டால் கூட்டம் இருக்காது என்பது என் கணக்கு. கூட்டம் இல்லைதான். மலைமேல் நானும் சித்தப்பாவும் காவலாளி அண்ணாச்சியும் தவிர ஆளைத் தள்ளும் காற்று மட்டும்தான் இருந்தது.

நான் போனது ஒரே ஒரு சிற்பத்துக்காக. வெட்டுவான் கோவில் என்பது மலையை மேலிருந்து குடைந்து இறங்கி, ஒரே பாறையில் செதுக்கிய விமானம். 8-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் வேலை. மேல்பாதியை முடித்துவிட்டுக் கீழ்ப்பாதியை அப்படியே விட்டுப் போயிருக்கிறார்கள். அதன் தெற்கு முகத்தில் தட்சிணாமூர்த்தி உட்கார்ந்து மிருதங்கம் வாசிக்கிறார். மற்ற ஊர்களில் பெரும்பாலும் ஆலமரத்தடியில் பேசாமல் உட்கார்ந்து பாடம் சொல்கிறவருக்கு இங்கே கச்சேரி.

காலை எட்டு மணிக்கு ஆரம்பித்துப் பதினொரு மணி வரை ஐம்பது அறுபது படம் எடுத்திருப்பேன். எதிலும் மிருதங்கம் இல்லை. சாம்பல் நிறத்தில் ஒரு மூட்டை, அதற்குப் பின்னால் வெயிலில் கண்ணைப் பறிக்கும் பாறை. கேமராவுக்குள் விடும் வெளிச்சத்தை, அதாவது எக்ஸ்போஷரை, ஏற்றினால் பாறை வெளுத்துப் போயிற்று. இறக்கினால் சாமி கறுத்துப் போனார். லென்ஸை மாற்றினேன், இடத்தை மாற்றினேன். கடைசியில் சித்தப்பாவிடம் எரிந்து விழுந்தேன்.

அதுவரை வேப்பமரத்து நிழலில் சும்மா பார்த்துக்கொண்டிருந்த அண்ணாச்சி எழுந்து வந்தார். "இப்பம் வந்து எடுத்தா எப்படி விழும்? ஆனி ஆடியில இவருக்கு வெயிலே கிடையாதுல்லா. தையில வாங்க, காலையில ஒம்பது மணிக்கு. அப்பம் பாருங்க."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. தெற்குச் சுவரில் நாளெல்லாம் வெயில் அடிக்கும் என்றுதானே எல்லா வீடியோவிலும் சொல்கிறார்கள்? வீட்டுக்கு வந்து காகிதத்தில் படம் போட்டுப் பார்த்தபிறகுதான் அவர் சொன்னது புரிந்தது. அந்த வீடியோக்களைப் பேசியவர்கள் டெல்லியிலோ அதற்கும் வடக்கேயோ இருப்பவர்கள். அங்கே நடுப்பகல் சூரியன் வருஷம் முழுவதும் தெற்கேதான் நிற்கும். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே சுமார் 9 பாகையில் இருக்கிறது. இங்கே சூரியன் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய்விட்டுத் திரும்பி வருகிறது. தாண்டுகிற நாள் ஏறக்குறைய சித்திரை ஒன்று. திரும்பி வருவது ஆவணி நடுவில். அதற்கு இடைப்பட்ட நாலரை மாதமும் நடுப்பகல் வெயில் வடக்கிலிருந்துதான் விழும். ஆனியில் சூரியன் உதிப்பதும் வடகிழக்கில், மறைவதும் வடமேற்கில். தெற்கு முகத்துக்கு நாள் முழுக்க நிழல்.

இதில் இன்னொரு குழப்பமும் உண்டு. தை பிறந்ததும் உத்தராயணம் என்கிறோம், அப்படியானால் சூரியன் வடக்கேதானே என்று சித்தப்பா கேட்டார். உத்தராயணம் என்பது வடக்கு நோக்கி நகரத் தொடங்குவது. தையில் சூரியன் தெற்கே வெகுதூரத்திலிருந்து கிளம்பியிருக்கும், அவ்வளவுதான். நம் தலைக்கு மேல் வந்து சேரச் சித்திரை ஆகிவிடும்.

இது தெரிந்தபிறகு சிவன் கோவில்களுக்குப் போகிற என் பழக்கமே மாறிவிட்டது. கருவறையின் வெளிச்சுவரில் தெற்கே தட்சிணாமூர்த்தி, மேற்கே லிங்கோத்பவர் அல்லது திருமால், வடக்கே பிரம்மாவும் துர்க்கையும் இருப்பது பெரும்பாலும் எல்லாக் கோவிலிலும் வழக்கம். திறந்த பிராகாரமாக இருந்தால் இதையே ஒரு பஞ்சாங்கமாக வைத்துக்கொள்ளலாம். தெற்கு மாடத்துக்கு ஐப்பசியிலிருந்து மாசி வரை. வடக்கு மாடத்துக்கு வைகாசி, ஆனி, ஆடி. மேற்கு மாடத்துக்கு மாதம் முக்கியமில்லை, சாயங்காலம் நாலு மணிக்குமேல் போனால் போதும். கிழக்குக் கோபுரம் காலை, மேற்குக் கோபுரம் மாலை என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஐப்பசி கார்த்திகையில் நம் பக்கம் மழை என்பதால் அந்த இரண்டு மாதத்தை நான் நம்புவதில்லை. தையும் மாசியும்தான் உத்தமம்.

நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் சிற்பத்தின் புருவத்து நிழல் கண்ணுக்குள் விழுந்துவிடும். மூக்கு நிழல் வாயை மூடிவிடும். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து வரும்போதுதான் செதுக்கிய ஆழம் தெரியும். வெட்டுவான் கோவிலில் சுற்றிலும் பாறை உயர்ந்து நிற்பதால், ரொம்பக் காலையில் போனாலும் வெயில் உள்ளே இறங்கியிருக்காது. அண்ணாச்சி ஒன்பது மணி என்று சொன்னதன் அர்த்தம் அதுதான். அந்த மனிதர் எந்தப் புத்தகத்திலும் படித்துச் சொல்லவில்லை. வருஷக்கணக்காக அங்கே உட்கார்ந்து நிழல் நகர்வதைப் பார்த்திருக்கிறார்.

அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் காவலாளியிடம் நான் முதலில் கேட்பது "படம் எடுக்கலாமா?" என்பதல்ல. "அண்ணாச்சி, இங்ஙன எப்பம் வெயில் விழும்?" என்றுதான் ஆரம்பிப்பேன். அனுமதி கேட்டால் பாதிப்பேர் பாதுகாப்பாக "கூடாது" என்று சொல்லிவிடுவார்கள். வெயிலைப் பற்றிக் கேட்டால் எழுந்து வந்து காட்டுவார்கள். அனுமதியை அதற்கப்புறம் கேட்டுக்கொள்ளலாம். கேட்காமல் மட்டும் இருக்கக் கூடாது.

அதே மலையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. பாறைமுகம் நெடுக வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர்கள். பக்கத்திலேயே அய்யனார் கோவில். சிற்பங்களின் கீழே வட்டெழுத்தில் யார் செய்வித்தது என்று பொறித்திருக்கிறார்கள். குரத்தியர் என்று பெண் ஆசிரியர்கள் பெயரும் அந்தக் கல்வெட்டுகளில் வருகிறது. அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு அந்தப் பாறையோடு ஒரு தனி ஒட்டுதல்.

கல்வெட்டைப் படம் எடுக்க நேர் வெளிச்சம் எதிரி. எழுத்து கல்லோடு கல்லாய் மறைந்துவிடும். வெயில் பாறையை உரசிக்கொண்டு போகிற நேரத்தில் ஒவ்வொரு கீறலும் தன் நிழலோடு எழுந்து நிற்கும். அந்த நேரம் கிடைக்காவிட்டால் பாறை நிழலில் இருக்கும்போது ஒரு சின்ன டார்ச்சைப் பக்கவாட்டில், கல்லை ஒட்டினாற்போல் பிடித்தால் போதும். ஒரு படம் இடப்பக்க வெளிச்சத்தில், இன்னொன்று மேலிருந்து வரும் வெளிச்சத்தில் எடுங்கள். மேலிருந்து கீழே போகும் கோடு முதல் படத்தில் தெரியும், இடமிருந்து வலமாகப் போகும் கோடு இரண்டாவதில் தெரியும்.

கல்லூரி நாளில் ஒரு கிராமத்துக் கல்வெட்டில் நானும் தோழிகளும் சாக்பீஸைத் தேய்த்து எழுத்தை வெள்ளையாக்கிப் படம் எடுத்தோம். பெருமையாக வேறு இருந்தது. எங்கள் கண்ணுக்கு எழுத்தாகத் தெரிந்ததை மட்டும் தேய்த்திருந்தோம். பின்னாளில் அதைப் பார்த்த ஒருவர், பாதி நாங்கள் எழுதியது என்றார். மாவு, எண்ணெய், விபூதி எல்லாம் அதே கதைதான். கல்லின் துளையில் போய் உட்கார்ந்துகொண்டு போகவே போகாது.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் ரோட்டில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் கிருஷ்ணாபுரம். வேங்கடாசலபதி கோவில் மண்டபத்தில், தூணோடு தூணாக ஆளுயரத்துக்கும் மேலே நிற்கிற நாயக்கர் காலச் சிற்பங்கள். ராஜகுமாரியைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிற குறவனுக்கு விலா எலும்பை எண்ணலாம். கர்ணன், அர்ச்சுனன், வீரபத்திரர், கரும்பு வில்லோடு மன்மதன், அன்னத்தின்மேல் ரதி. இங்கே என் பஞ்சாங்கம் செல்லாது. கூரைக்குக் கீழே நேர் வெயில் எங்கே வரும்? வெளியே தரையில் பட்டுத் தெறித்து உள்ளே வருகிற வெளிச்சம்தான்.

முதலில் அனுமதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூர் கோவில் தொடர்பாக வந்த ஒரு வழக்கில், 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தமிழகக் கோவில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. ஆகவே அறநிலையத் துறைக் கோவிலுக்குப் போகிறவர்கள் "போன தடவை எடுத்தேனே" என்று வாதாடுவதில் பிரயோஜனமில்லை. கோவில் அலுவலகத்தில் என்ன, எதற்கு, எந்த மண்டபம் என்று எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். கிடைத்தால் அந்தக் காகிதம் கையிலேயே இருக்கட்டும். ஒரு கோவிலில், பெயர் வேண்டாம், வாசலில் இருந்தவர் தாராளமாக எடுங்கள் என்றார். உள்ளே இருந்தவர் கேமராவைப் பிடுங்காத குறை. இருவரும் மாறி மாறித் திட்டியது என்னைத்தான். எடுத்த படங்களை அங்கேயே அழிக்கச் சொன்னார்கள், அழித்தேன். வாய்வார்த்தை அனுமதி அது சொன்ன ஆளைத் தாண்டி இரண்டு தூண்கூடச் செல்லாது.

கருவறையை நோக்கிக் கேமராவைத் திருப்பவே வேண்டாம். கும்பிடுகிற மனிதர்களையும்தான்.

சரி, இருட்டு மண்டபத்துக்கு வருவோம். ட்ரைபாட் பெரும்பாலும் அனுமதிக்க மாட்டார்கள். தொல்லியல் துறை இடங்களிலும் அதற்குத் தனியாக முன்அனுமதி வேண்டும். எதிர்த் தூண்தான் நமக்கு ட்ரைபாட். அதில் முதுகைச் சாய்த்து, முழங்கையை விலாவோடு ஒட்டி, மூச்சை வெளியே விட்டு நிறுத்தி, இரண்டு நொடி டைமரில் எடுப்பேன். பட்டனை அழுத்துகிற அசைவே படத்தைக் கலைக்கும் என்பதால்தான் டைமர். சிற்பத் தூணில் சாயக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்தேன், ஆனால் சாய்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கேமரா வெளிச்சத்தை எவ்வளவு நுட்பமாக உணரும் என்பதைக் காட்டும் ஐஎஸ்ஓ எண்ணை 1600, 3200 என்று ஏற்றப் பயப்படாதீர்கள். படத்தில் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் பின்னால் சரிசெய்துகொள்ளலாம். கை ஆடிக் கலங்கிய படத்தை யாராலும் சரிசெய்ய முடியாது.

கறுத்த கல்லை எடுக்கும்போது கேமரா ஏமாறும். இவ்வளவு கறுப்பா என்று பயந்து தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக் கல்லைச் சாம்பலாக்கிவிடும். கேமராவின் +/- அளவுகோலில் எக்ஸ்போஷரை அரை, முக்கால் குறைத்தால் கல் கல்லாக வரும். சுண்ணாம்புச் சுவருக்கு இதற்கு நேர்மாறு. பாளையங்கோட்டையில் வெள்ளைச் சுவர் ஒன்றை மத்தியான வெயிலில் எடுத்து, அது அழுக்குத் துணி மாதிரி வந்தபோது தெரிந்துகொண்டேன். அம்மா சொல்லிக்கொடுத்த உப்புக் கணக்குப் போல இதை மனதில் வைத்திருக்கிறேன்: கருங்கல்லுக்குக் குறை, சுண்ணாம்புக்குக் கூட்டு.

சிற்பத்தின் முகத்தில் ஒருபக்கம் வெளிச்சம், மறுபக்கம் ஒரே இருட்டு என்றால் என்ன செய்வது? இதற்குச் சித்தப்பாவின் வெள்ளைத் துண்டு. அவர் அதை இரண்டு கையாலும் விரித்து, இருட்டுப் பக்கம் நாலடி தள்ளி நிற்பார். வெளிச்சம் துண்டில் பட்டுத் தெறித்து, குறவனின் கன்னத்தில் மெதுவாக ஒரு கோடு எழும். கடையில் இதற்கென்றே வட்டமாக விற்கிறார்கள். அதைத் தூக்கிக்கொண்டு போனால் கல்யாண போட்டோகிராபர் என்று நினைத்து ஆயிரம் கேள்வி கேட்பார்கள். துண்டை யாரும் கேட்பதில்லை. "இந்தத் துண்டு போன வாரம் தொவைச்சது, சாமிக்குப் பரவாயில்லையா?" என்று சித்தப்பாதான் கேட்பார்.

ஃபிளாஷ் பற்றி ஒரு வார்த்தை. கல்லுக்கும் வெண்கலத்துக்கும் அதனால் கேடு எதுவும் இல்லை. கெடுவது படம்தான்: முன்னாலிருந்து வரும் வெளிச்சம் சிற்பி தோண்டிய பள்ளத்தையெல்லாம் மூடி, குறவனைக் காலண்டர் படமாக்கிவிடும். சுவரோவியம், ஓலைச்சுவடி, துணி, பழைய காகிதம் இவை வேறு. வெளிச்சம் அவற்றின் நிறத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும், தின்றது திரும்பி வராது. அருங்காட்சியகங்களில் அந்த அறைகளை 50 லக்ஸ் அளவுக்கு மங்கலாக வைப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. ஒரு ஃபிளாஷ் அடித்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு, பின்னால் வரிசையில் நிற்கிறவர்களும் அதையேதான் நினைக்கிறார்கள் என்பதுதான் பதில்.

கிருஷ்ணாபுரத்திலிருந்து அதே ரோட்டில் இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் போனால் ஆதிச்சநல்லூர். ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம், காலையில் கோவில், மத்தியானம் பழைய தாழிகள் புதைந்து கிடக்கும் பரம்பு மேடு. ஜெர்மானியர் யாகோர் 1876-இல் வந்து தோண்டினார்; அப்புறம் 1899 முதல் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரீ. ரீ எடுத்த பொருள்கள் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டன. நெற்றியில் கட்டும் மெல்லிய பொன் பட்டங்களையும் வெண்கலப் பொருள்களையும் நான் அங்கேதான் பார்த்தேன். எங்கள் வீட்டிலிருந்து அரைமணி நேரத்தில் போய்விடுகிற தாமிரபரணிக் கரைப் பொருளைப் பார்க்க, எழும்பூரில் கேமராவுக்குத் தனிச் சீட்டு வாங்கவேண்டியிருந்தது. கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் பொருளை எப்படி எடுப்பது என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்ததும் எழும்பூர்தான்.

அங்கே எடுத்த முதல் படத்தில் பொன் பட்டத்துக்கு நடுவே என் பச்சைச் சுடிதார் நிற்கிறது, கூடவே பின்னால் ஜன்னல், ஒரு ஸ்கூல் பையன், ட்யூப்லைட். அடுத்த முறை கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். கண்ணாடியில் பிரதிபலிப்பது எதிரே இருக்கும் வெளிச்சமான பொருள்கள் மட்டுமே. எதிரே இருட்டாக இருந்தால் கண்ணாடி இருக்கிற இடமே தெரியாது. லென்ஸின் வாயைக் கண்ணாடிக்கு ஒரு விரல்கட்டை தூரம் வரை கொண்டுபோய், சுற்றிலும் கையாலோ கறுப்புத் துணியாலோ மறைத்தால் முக்கால்வாசிப் பிரச்சினை தீர்ந்தது. ரப்பர் மூடி போட்டிருந்தாலொழியக் கண்ணாடியைத் தொடாதீர்கள். சில பெட்டிகள் தொட்டாலே மணி அடிக்கும். லென்ஸுக்கு முன்னால் போடும் போலரைசர் ஃபில்டரை மாட்டினால் பிரதிபலிப்பு போய்விடும் என்பார்கள். நேராக நின்றால் அது ஒன்றும் செய்யாது. கண்ணாடிக்கு நன்றாகச் சாய்ந்த கோணத்தில் நின்றால்தான் வேலை செய்யும், அதுவும் வெளிச்சத்தில் பாதியை விழுங்கிக்கொள்ளும்.

ஆதிச்சநல்லூரில் கண்ணாடி காலுக்குக் கீழே இருக்கிறது. தோண்டிய குழிகளையும் தாழிகளையும் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு, மேலே கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். குனிந்து பார்த்தால் தாழி, இன்னும் கொஞ்சம் குனிந்தால் நம் முகம். அங்கே நான் கண்ட வழி குடை. கறுப்புக் குடையைத் தலைக்குமேல் விரித்துப் பிடித்தால் கூரையின் வெளிச்சம் மறைந்து, குடை நிழல் விழுந்த வட்டத்துக்குள் தாழி தெளிவாகத் தெரியும். உள்ளே குடை விரிக்கலாமா என்று முதலில் கேட்டுக்கொண்டேன். கேட்டவுடன் சிரித்தார்கள், அப்புறம் சரி என்றார்கள்.

நிறமும் ஏமாற்றும். ட்யூப்லைட் ஒருபக்கம், மஞ்சள் பல்பு ஒருபக்கம், ஜன்னல் வெயில் ஒருபக்கம் என்றிருக்கும் அறையில் கறுப்பு சிவப்புப் பானை பச்சையாக வரும். ஒவ்வொரு அறையிலும் ஒரு வெள்ளைக் காகிதத்தை அந்த வெளிச்சத்தில் பிடித்து ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வேன். வீட்டில் கணினியில் அந்தக் காகிதம் வெள்ளையாகும் வரை நிறத்தைத் திருத்தினால் பானையும் தன் நிறத்துக்கு வந்துவிடும்.

அரசு அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் வெள்ளிக்கிழமை போகவேண்டாம். விடுமுறை. பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த நானே விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பூட்டின கேட்டைக் காட்டியிருக்கிறேன்.

இனி என் பெரிய தவறு. ஒரு பயணத்தில் மூன்று ஊர், இரண்டு அருங்காட்சியகம், எண்ணூறு படம். திரும்பி வந்து இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய தாழியின் படத்தை "ஆதிச்சநல்லூர்" என்று பெயர் போட்டு உறவினர், நண்பர் எல்லோருக்கும் அனுப்பினேன். அது எங்கெங்கோ போய், கடைசியில் ஒரு பள்ளி மலரில் அச்சாகிவிட்டது. என் பழைய சரித்திர டீச்சர் போன் பண்ணினார்கள். "ஏம்மா, இது அங்க உள்ளது இல்லையே, விளிம்பைப் பாத்தியா?" தேடிப் பார்த்தால் அது வேறு மாவட்டத்தில் எடுத்த படம். டீச்சர் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. அச்சான மலரை என்ன செய்ய முடியும்?

அன்று வைத்துக்கொண்ட வழக்கம் இது: முதலில் பெயர்ப்பலகை, அப்புறம் பொருள், முடிந்ததும் மறுபடி அதே பலகை. நடுவில் இருப்பதெல்லாம் அந்தப் பொருளின் படங்கள், சந்தேகமே இல்லை. பலகை இல்லாத இடத்தில் என் உள்ளங்கையில் பேனாவால் இடத்தையும் எண்ணையும் எழுதி அதைப் படம் எடுப்பேன். முழுப் பொருள் ஒன்று, நாலு பக்கமும் ஒவ்வொன்று, உடைந்த இடம், விளிம்பு, வேலைப்பாடு, கடைசியாக அது அறையில் எங்கே இருக்கிறது என்று தூரத்திலிருந்து ஒன்று. அந்தத் தூரப் படம் அழகாக இருக்காது. ஆனால் பொருள் எவ்வளவு பெரிது என்று பின்னால் சொல்லப்போவது அதுதான். பக்கத்தில் ஒரு நாற்காலியோ கதவோ வந்துவிட்டால் அளவு தானாகத் தெரிந்துவிடும். இரவு தங்குமிடத்தில் தூங்கப் போகுமுன் பத்து நிமிஷம் ஒதுக்கி ஊர்வாரியாகப் பிரித்து இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வைக்கிறேன். எவ்வளவு களைப்பாக இருந்தாலும் இதை விடுவதில்லை.

உயரமான கட்டடங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பாளையங்கோட்டையில் 1826-இல் ரேனியஸ் கட்டிய தேவாலயத்தை ஊரில் ஊசிக்கோபுரம் என்றுதான் சொல்வோம். கிட்டே நின்று அண்ணாந்து எடுத்தால் ஊசி பின்னால் சாயும். பின்னால் போய், கேமராவைச் சாய்க்காமல் நேராகப் பிடித்து, கீழே வருகிற ரோட்டை வெட்டிவிடுங்கள். தென்காசிக் கோபுரத்துக்கும் இதுவேதான், அங்கே தெருவே நமக்காக நீண்டு கிடக்கிறது. சுலோசன முதலியார் தன் கைப்பணத்தில் கட்டிக்கொடுத்து 1843-இல் திறந்த ஆற்றுப்பாலத்தை மேலே நின்று எடுத்துப் பயனில்லை, பஸ்தான் வரும். ஆற்றுக்குள் இறங்கி, வளைவுகள் தண்ணீரில் நிழலாடும் நேரம் பாருங்கள். சித்திரை வைகாசியில் தண்ணீர் குறைவாக இருக்கும்போது நன்றாக இருக்கும். அமலைச்செடி அடைத்திருந்தால் அதுவும் இல்லை.

திருப்புடைமருதூரில் நாறும்பூநாதர் கோவில் கோபுரத்துக்குள் நிலை நிலையாக ஏறிப்போனால் மரச் சிற்பங்களும் சுவர் நிறைய ஓவியங்களும் இருக்கின்றன. படம் எடுக்க அனுமதியில்லை என்றார்கள். எடுக்கவில்லை. கேமராவைக் கீழே கொடுத்துவிட்டு ஒரு நோட்டுப்புத்தகத்தோடு ஏறினேன். குதிரைகளை ஏற்றிக்கொண்டு வரும் கப்பல் ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்து வரைந்தேன். என் குதிரை ஆடு மாதிரி இருந்தது. ஆனால் எத்தனை குதிரை, எந்தப் பக்கம் பார்க்கிறது, கப்பலின் மூக்கு எப்படி வளைகிறது என்பதெல்லாம் இன்றைக்கும் கண்ணை மூடினால் சொல்வேன். கிருஷ்ணாபுரத்து மன்மதனின் இடது கை எப்படி இருந்தது என்று கேட்டால் படத்தைத் தேடித்தான் பார்க்கவேண்டும். இப்போதெல்லாம் எந்தச் சிற்பத்தின் முன்னாலும் முதல் ஐந்து நிமிஷம் கேமராவைப் பையைவிட்டு எடுப்பதில்லை.

கழுகுமலைக்கு மறுபடி போனது தை மாதம், பொங்கல் கழிந்து இரண்டாவது வாரம். எட்டரைக்கே போய்விட்டோம். அதே அண்ணாச்சி. என்னை ஞாபகமில்லை, சித்தப்பாவின் துண்டை ஞாபகம் இருந்தது. வெயில் தென்கிழக்கிலிருந்து பாறையின் விளிம்பைத் தாண்டி மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் ஜடை, அப்புறம் தோள், ஒன்பது மணிவாக்கில் மிருதங்கத்தின் வலந்தலையில் ஒரு கீற்று. விரல்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரிந்தன. ஆனியில் மூன்று மணி நேரத்தில் கிடைக்காதது இருபது நிமிஷத்தில் பதினோரு படத்தில் முடிந்தது. அப்புறம் நிழல் மாறிவிட்டது.

திரையில் அண்ணாச்சியிடம் காட்டினேன். பெரிதாக்கச் சொல்லிக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். ஒரு பிரிண்ட் போட்டுத் தரமுடியுமா என்று கேட்டார், பேத்திக்குக் காட்டவேண்டுமாம். தபாலில் அனுப்புகிறேன் என்று விலாசம் எழுதி வாங்கிக்கொண்டேன். நாங்கள் படியில் பாதி இறங்கியபிறகு மேலிருந்து குரல் வந்தது.

"தங்கச்சி, வடக்க பிரம்மா இருக்காருல்லா, அவருக்கு வைகாசியில வரணும். மறந்துராதீய."

போய் வந்த வாரமே பிரிண்ட் போட்டு அனுப்பிவிட்டேன். வைகாசிக்கு லீவு கேட்டிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை.